ஓடுவதற்கு வைத்த பை

எங்கள் வீட்டு முன்கதவின் பின்னால் ஓர் ஆணியில் நீலத் தோள்பை ஒன்று தொங்கும். காணி உறுதிப் பத்திரம், அடையாள அட்டைகள், ஒரு சோடிக் காப்பு, இரண்டு மாற்றுச் சேலைகள் எல்லாம் எப்போதும் அதற்குள் இருக்கும். மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டு, ஊரூராய் ஓடி, கடைசியில் நீர்வேலியில் என்னோடு வந்து தங்கிய சின்னம்மாவின் பை அது. யுத்தம் முடிந்து எத்தனையோ வருடங்களாகியும் பை மட்டும் ஆணியை விட்டு இறங்கவில்லை. "எடுக்கிறதை முதலே எடுத்து வைக்கோணும் பிள்ளை. ஓடேக்கை தேடேலாது" என்பார். நான் சிரிப்பேன்.

அவர் அப்படிச் சொன்னதில் நியாயம் இருந்தது. கடைசி ஓட்டத்தில் உறுதியை எடுத்தவர், படங்கள் இருந்த அல்பத்தை விட்டுவிட்டார். அதே ஓட்டத்தில் அவருடைய ஒரே மகன், எனக்கு அண்ணை, காணாமல் போனார். மகனும் இல்லை, முகம் பார்க்க ஒரு படமும் இல்லை. பல வருடம் கழித்து ஜெர்மனியிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பழைய கலியாண வீட்டு வீடியோ கசற் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் அண்ணை பலகாரத் தட்டோடு வருகிறார், கமராவைக் கண்டு முழங்கையால் முகத்தை மறைக்கிறார், பிறகு கையை எடுத்துவிட்டுச் சிரிக்கிறார். அவ்வளவுதான். யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோ ஒன்றில் அதை என் மடிக்கணினிக்கு மாற்றினோம். பூஞ்சணம் பிடித்திருந்த கசற் நாடா அந்த ஒரு தரம் ஓடியதோடு அறுந்துபோனது. நான் வேலைக்குப் போன பிறகு, மத்தியானச் சாப்பாடு முடித்துவிட்டு, சின்னம்மா தானே கணினியைத் திறந்து மகனைப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

பிறகுதான் சனி பிடித்தது. கணினிக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம். அடுத்த நாள் ஹார்ட் டிஸ்க் செத்துக் கிடந்தது. ஸ்ரூடியோவில் பிரதி இருந்தபடியால் தப்பினோம். புது டிஸ்க்கும் சில மாதத்தில் அதே சத்தத்தோடு போனது. மூன்றாவதும் போனபோது ஸ்ரூடியோ பூட்டிக் கிடந்தது. முதலாளி வெளிநாடு போய்விட்டாராம். முன்யோசனையாக நான் பென்டிரைவில் போட்டு வைத்ததும் திறக்க மறுத்தது.

எனக்கு விசர் பிடித்த மாதிரி இருந்தது. கறண்ட் ஏறி இறங்குகிறதென்றார்கள், யுபிஎஸ் வாங்கினேன். போலிச் சாமான் தந்ததாகக் கடைக்காரரோடு வாய்ச்சண்டை போட்டேன். உப்புக் காற்று என்றார் ஒருவர். வாழைத்தோட்டத்துக்கு நடுவே எந்த உப்பு? சின்னம்மா கணினிக்குச் செத்தல் மிளகாய் சுற்றி நாவூறு கழித்தார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன், தடுக்கவில்லை. கொழும்புக்கு அனுப்பிய டிஸ்க், உள்ளே தட்டு முழுக்கக் கீறல், மீட்க முடியாது என்ற பதிலோடு திரும்பி வந்தது. அன்று குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

வேலைக்காக நான்காவது டிஸ்க்கைப் போட்டேன். ஒரு பின்னேரம் கோயில் திருவிழா வெடி கேட்டது. குசினியில் சமையலை விட்டு ஓடிவந்த சின்னம்மா, என் முன்னாலிருந்த கணினியைப் படாரென மூடிப் பைக்குள் திணித்தார். தோளில் போட்ட பை கதவுநிலையில் மோதியது. ஆணியில் மாட்டியபோது சுவரில் இடித்தது. "சீ, கோயில் வெடி" என்று வெட்கத்தோடு சிரித்தார். கணினியை எடுக்கலாமென்று பைக்குள் கையை விட்டேன். சோற்றுப்பானை போலச் சுட்டது. மூடினாலும் நிற்காதபடிதான் கடையில் அமைத்துத் தந்திருந்தார்கள். உள்ளே விசிறி இரைந்துகொண்டிருந்தது.

"சின்னம்மா, பகலிலையும் உந்தக் கணினியை இதுக்குள்ளை வைக்கிறனீங்களே?"

"ஓம். அவனைப் பாத்து முடிய வைச்சிடுவன். நீ வாற நேரம் எடுத்து மேசையிலை வைப்பன். ஏன் பிள்ளை?"

சொன்னேன். உள்ளே தட்டு சுழலும்போது அதன்மேல் ஒரு முள் மயிரிழை உயரத்தில் நிற்கும், இடிபட்டால் முள் தட்டைக் கீறிவிடும் என்றேன்.

"அப்ப, என்ரை கையாலைதான் அவன் ரெண்டாம் தரமும் துலைஞ்சவனே?"

சொன்ன வாயாலேயே, இல்லை, கறண்ட்தான் காரணமென்று சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. செத்த டிஸ்க்குகள் மூன்றையும் கேட்டு வாங்கினார். "உள்ளுக்கைதானே கிடக்கிறான்" என்று சேலைத் துண்டில் சுற்றி, காணி உறுதிக்குப் பக்கத்தில் வைத்தார்.

பை இன்றும் அதே ஆணியில்தான். நேற்றுப் பின்னேரம் இடி முழங்கியது. சின்னம்மா ஓடிவரவில்லை, மெல்ல வந்து என் பக்கத்தில் நின்றார். "முதல் நிப்பாட்டு பிள்ளை" என்றார். கணினியின் சின்ன விளக்கு அணையும்வரை காத்திருந்தார். பிறகு காய்ச்சல் பார்ப்பது போல மூடியில் உள்ளங்கையை வைத்து, சூடு ஆறும்வரை எடுக்காமல் நின்றார். ஆறியதும் இரண்டு கையாலும் ஏந்திப்போய், எங்கும் இடிபடாமல் பைக்குள் வைத்தார். அந்தக் கணினிக்குள் என் அலுவலகக் கடிதங்களைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.