தெருவில் ஒரு சிவப்பு நாற்காலி

எங்கள் தெருவில் பதினோரு வீடு, ஐந்து கார். நிற்க இடம் மூன்றுக்குத்தான். யாராவது இரண்டு பேர் குளத்தங்கரையில் விட்டுவிட்டு நடந்து வர வேண்டும். அதில் ஒருத்தி எப்போதும் நானாகவே இருக்க வேண்டும் என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

போன கோடையில் ஒரு மத்தியானம் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. குளத்தங்கரைக்கு ஓடி, காரை எடுத்து வருவதற்குள் கால் மணி நேரம். அப்பாவின் உதடு நீலமாகியிருந்தது. பிழைத்துவிட்டார். ஆனால் அந்த ஓட்டம் இன்னும் என் காலில் இருக்கிறது.

எதிர் வீட்டு அங்கிள் காரை எடுத்ததும் அந்த இடத்தில் கை உடைந்த சிவப்பு நாற்காலி ஒன்று வந்து உட்காரும்.

"சொந்த வீட்டுக்காரன் வாசல்மா இது. நீ இன்னிக்கு இருப்ப, நாளைக்கு காலி பண்ணிக்கினு போயிடுவ."

"வாசல் உங்களுது அங்கிள். தெரு?"

"வாசலுக்கு முன்னாடி இருக்குற தெருவும் வாசல்தான்."

அம்மா சமாதானத்துக்கு வந்தாள். "அப்பாவுக்கு முடியலன்னு சொல்லிக் கேளேன்டி. பாவம் பார்த்து உட்ருவாங்க."

"பாவம் பார்த்துக் குடுக்குற இடம் வேணாம்மா. முறை வெச்சுக் குடுக்கட்டும்."

ஒரு சாயங்காலம் நாற்காலியைத் தூக்கி அவர் படியில் வைத்துவிட்டு என் காரை நிறுத்தினேன். அவர் வந்து பார்த்தார். காரைத் திருப்பிக்கொண்டு குளத்தங்கரைக்குப் போனார். யார் கேட்டாலும் எடுப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு படுத்தேன்.

விடிவதற்கு முன் கதவு அதிர்ந்தது. கோடி வீட்டு அக்கா. எங்கள் தெருவில் தறி வைத்திருப்பவர்களில் ஒருவர். சேலைக்கு நீளவாக்கில் ஓடும் பட்டு இழைதான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெரு நீளத்துக்கும் விரித்து நீவுவார்கள். அன்று ஒரு வண்டியும் நிற்கக் கூடாது. முந்தின நாளே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார். நான்தான் சண்டைக் கடுப்பில் குரூப்பை மியூட் செய்திருந்தேன்.

"காரை எட்க்கிறியா, இல்ல பாவை உன் கார் மேலயே காயப் போடட்டுமா?"

நைட்டியோடு ஓடிப்போய் எடுத்தேன். குளத்தங்கரையில் விட்டுவிட்டுத் திரும்பினால், தெரு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துடைத்துவிட்டது போல இருந்தது. பைக் இல்லை, கார் இல்லை, நாற்காலியும் இல்லை. நடுவே மஞ்சள் பட்டு மட்டும். அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிர் வீட்டு அங்கிள்.

"அங்கிள், இடம் காலிதானே, நாற்காலியைப் போடலியா?"

"பாவு விரிக்கிறப்போ யாராவது போடுவாங்களா?"

"இப்ப உங்க வாசல் எங்க போச்சு?"

"பாவுக்குக் குறுக்க காரை நிறுத்துன நீ பேசக் கூடாது."

"அது தப்புதான். அதனால நீங்க சொல்றது சரியாயிடாது."

இழை நீவிக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமலே, "அந்தப் பொண்ணு கேக்குது இல்ல, பதில் சொல்லுபா," என்றார்.

பாவைப் பிடித்தவர் அதைச் சுருட்டும்வரை நகர முடியாது. கோபித்துக்கொண்டு உள்ளே போக அங்கிளுக்கு வழியில்லை. கார் வைத்திருந்த மற்ற மூன்று பேரும் அங்கேயே கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படித்தான் பேசி முடித்தோம். ஒவ்வொரு முறை பாவு சுருட்டியதும் இரண்டு கார் வெளியே, குளத்தங்கரைக்கு. அடுத்த பாவுக்கு அடுத்த இரண்டு.

முதலில் யார் என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாவை மறித்தவள். சரி என்றேன். என்னோடு போக, கோடி வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு. உள்ள நிக்கிற காரோட சாவி வாசல் ஆணியில தொங்கணும். யார் வீட்ல அவசரம்னாலும் எட்த்துக்குவோம்," என்றேன்.

"என் கார் உனக்கா?" என்றார் அங்கிள்.

"எனக்கு இல்ல. தெருவுக்கு."

மறுநாள் அவர் ஆணியில் சாவி தொங்கியது. வாய்ப்பேச்சை நம்புகிற ஆள் இல்லை நான். அவர் கண்ணெதிரிலேயே எடுத்து, காரை ஸ்டார்ட் செய்து பார்த்தேன்.

"கிளட்ச் டைட்டா இருக்குது அங்கிள்."

"சர்வீஸ் உடணும்," என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

சிவப்பு நாற்காலி கேட்பாரற்றுத் தெருவோரம் கிடந்தது. தூக்கி வந்து துடைத்து எங்கள் வாசலில் போட்டேன். அப்பா அதில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். ஒருநாள் அங்கிள் நின்று பார்த்தார்.

"அது என் சேர்மா."

"தெருவுல இருந்துச்சு அங்கிள்."