வசந்தி பிழைத்த வாரம்

மயிலாப்பூரில் நடந்த ஒரு தொடர்கதை எழுத்தாளரின் இரங்கல் கூட்டத்தில் முன்வரிசை அம்மாள் ஒருவர், "வசந்தி பிரசவத்துல செத்துப்போன வாரம் நான் சாப்பிடவே இல்லை" என்றார். கூடம் முழுக்கத் தலையாட்டியது. எங்கள் வீட்டில் மட்டும் வசந்தி சாகவில்லை.

எழுபதுகளில் நாங்கள் ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்தோம். பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் கன்னியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வாரப்பத்திரிகை வருகிற நாளில் அவர் கொல்லைப்படியில் உட்கார்ந்து செதில் சுரண்ட, அம்மா அந்த எழுத்தாளரின் வசந்தி தொடர்கதையை உரக்கப் படிப்பாள். அவர் வரும்வரை அப்பா கேட்டாலும் பத்திரிகையைத் தரமாட்டாள். மீன் கவிச்சியும் அச்சுமையும் சேர்ந்ததுதான் எனக்குக் கதையின் வாசனை.

கன்னியம்மாவின் மகளுக்கு அப்போது நிறைமாசம். "வசந்திக்கு இன்னா ஆச்சும்மா? படி" என்றார். அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். வசந்தி இறக்கும் வரி வந்ததும் அம்மா இருமினாள். பிறகு, அச்சில் இல்லாததை நிதானமாகப் படித்தாள்: "பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்." கன்னியம்மா செதில் ஒட்டிய கையோடு கும்பிட்டார்.

கதை அதோடு முடியவில்லை. பத்திரிகையில் வசந்தியின் கணவன் வாராவாரம் அழுதான். எங்கள் கொல்லையில் அவன் வசந்தியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். கன்னியம்மாவுக்குப் பேத்தி பிறந்தது. அவளுக்கும் வசந்தி என்றே பெயர் வைத்தார்கள்.

கூட்டம் முடிந்து வரும் வழியில் அந்த வசந்தியிடம்தான் மீன் வாங்கினேன்.

"இன்னாக்கா, மொகம் ஒரு மாதிரி கீது?"

"உன் பேர் வந்த கதையை எழுதினவர் போயிட்டார்."

அவள் செதில் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "அந்தக் கதைய எழுதுனது உங்கம்மா தானக்கா? ஆயாவுக்கு அப்பவே தெரியுமே."