வால்வுப் பெட்டிகளைத் தேடி வந்தவர்

கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அந்தக் கால ரேடியோவில் இருப்பதுபோல் கண்ணாடி வால்வு போட்ட பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயர்கள் எங்கெங்கே மிஞ்சியிருக்கின்றன, அவற்றை யார் யார் செய்தார்கள் என்று ஊர் ஊராகப் போய் எழுதுகிறவர். எங்கள் வீட்டில் இருந்ததை அவர் முன்பக்கம் பார்க்கவே இல்லை. மண்டியிட்டுப் பின்பக்கம்தான் டார்ச் அடித்தார்.

இந்தப் பக்கத்து ஆம்ப்ளிஃபயர்களுக்கு மரப்பெட்டி அடித்தது காரைக்குடியில் எங்கள் பட்டறையில்தான். என் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் கையையே பிறகு பார்த்தார்.

"அம்மா, நீங்க இடக்கையா?"

எனக்குச் சுருக்கென்றது. "பெட்டியப் பாக்க வந்தீகளா, என் கையப் பாக்க வந்தீகளா?"

"ரெண்டையுந்தான்" என்று சிரித்தார். ஸ்பீக்கரை மூடிய துணி பின்பக்கம் மடிந்திருந்த ஓரத்தைக் காட்டினார். "சிவகங்கையில ஒண்ணு பாத்தேன், கீழச்சிவல்பட்டியில ஒண்ணு. எல்லாத்துலயும் தையல் இப்படித்தான் எதிர்ப்பக்கமாச் சாயுது. தச்சது யாருன்னு ரொம்ப நாளாத் தேடுறேன்."

"நாந்தேன்" என்றேன்.

நோட்டையும் பென்சிலையும் நீட்டினார். "அப்ப உங்க பேரும் இதுல இருக்கணும். நீங்களே எழுதுங்க."

இடக்கையால் எழுதி அடி வாங்கிப் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதே கையால் எழுத்துக்கூட்டி எழுதினேன். அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

திருப்பிக் கொடுக்க, வழக்கம்போல நோட்டை வலக்கைக்கு மாற்றினேன். அதுவரை எல்லாவற்றையும் வலக்கையால் செய்தவர் இடக்கையை நீட்டினார். தெரியாமல் நீட்டினாரா, தெரிந்தேதானா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் மறுபடி கை மாற்றிக் கொடுத்தேன்.