லயத்துக்குப் பின்னால் ஓர் அறை

ராகலைப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில்தான் என் அண்ணன் குடும்பம் இருக்கிறது. ஒரே அறையில் அண்ணன், அண்ணி, வயதுக்கு வந்த இரண்டு பெண்கள், எங்கள் அம்மா. பிள்ளைகள் உடை மாற்றும்போது மற்றவர்கள் வாசலில் போய் நிற்க வேண்டும். அதனால் பின்பக்கம், போஞ்சிக் கொடி போட்டிருந்த இடத்தில், அண்ணன் ஓர் அறை கட்டினார். கொழும்பில் மேசன் வேலை பார்த்தவர். கல் சுமந்தது, பூசியது எல்லாம் அவரே.

கூரை போடுவதற்குள், சின்னத்துரை என்று நாங்கள் சொல்லும் உதவி முகாமையாளர் ஆட்களோடு வந்து இடித்துவிட்டார்.

"தாத்தா காலத்துல இருந்து இங்கதாங்க தொரை இருக்கோம்," என்றார் அண்ணன்.

"இருங்க. யாரு போகச் சொன்னா? கட்டத்தான் கூடாது. காணி தோட்டத்துக்குச் சொந்தம்."

நான் கொட்டகலையில் குடியியல் ஆசிரியை. அடிப்படை உரிமைகளை வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள். விடக்கூடாது என்று கிளம்பினேன். பொலிஸில் தோட்ட அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே பிரதேச செயலகத்தைக் காட்டினார்கள். செயலகத்தில் மறுபடி தோட்டத்தையே காட்டினார்கள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அதுதான் இன்னும் எரிச்சல்.

கடைசியில் நுவரெலியாவில் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தேன்.

"டீச்சர், நம்ம அரசியலமைப்புல சொத்துரிமை ஒரு அடிப்படை உரிமையாவே இல்லீங்க."

"இல்லைன்னா?"

"இல்லதான். பேச்சுரிமை இருக்கு. விரும்பின இடத்துல குடியிருக்கிற உரிமை இருக்கு. சொத்து இல்ல. காணி உறுதிப்பத்திரம் வச்சிருக்கிறவங்க வேற சட்டத்துல வழக்குப் போடுவாங்க. உங்கண்ணன்கிட்ட உறுதி இல்லையே."

சமத்துவ உரிமையை வைத்து வாதாடிப் பார்க்கலாம் என்றார். பிறகு, இடித்து எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டார். ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டுமாம். அந்த மாதத்தை நான் அலுவலக வாங்குப் பலகைகளில் உட்கார்ந்தே தொலைத்திருந்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் நடத்திய பாடத்தில் என்ன இல்லை என்று ஒரு நாளும் நான் தேடிப் பார்த்ததில்லை.

அண்ணன் அதே இடத்தில் தகரம் அடித்து அறையை எழுப்பினார். சின்னத்துரை வந்து பார்த்தார். "தகரம்னா பரவாயில்ல. அது தற்காலிகம்தானே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"விடுங்க, பிள்ளைங்களுக்குச் சாத்திக்க ஒரு கதவு கெடைச்சிருச்சு," என்றார் அண்ணி.

எனக்குத்தான் விட முடியவில்லை. பேச்சுரிமை இருக்கிறதுதான்; ஆனால் மழை பிடித்தால் அந்தத் தகரத்தடியில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்பதில்லை.