கடைசியாக வந்த சிவப்புத் தொப்பி

எப்போதும் இந்தக் குழுவில் வருவதைப் படித்துவிட்டு மட்டும் போகிறவள் நான். இன்று எழுதுவதற்கு மன்னியுங்கள்.

காலையில் ஏரியில் நீச்சல் போட்டி. எல்லோரும் கரையேறும்வரை சுற்றுலாப் படகுகள் கிளம்பாமல் பார்த்துக்கொள்ள, விசிலோடு படகுத்துறையில் நின்றிருந்தேன்.

முன்னால் வந்தவர்கள் பதக்கத்தோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். போட்டி முடிந்தது என்று நினைத்து ஒரு படகு கிளம்பிவிட்டது. அதன் பாதையில் எங்கள் அலுவலக லட்சுமி அக்காவின் சிவப்புத் தொப்பி மெதுவாக வந்துகொண்டிருந்தது.

விசில் ஊதினேன். போட்டிக்கான விசில் என்று நினைத்தாரோ என்னவோ, படகோட்டி திரும்பவில்லை. பதற்றத்தில் எனக்கு இந்த ஊர்த் தெலுங்கும் வரவில்லை, இந்தியும் வரவில்லை.

“அண்ணா, நிறுத்துங்க! தண்ணில ஆள் இருக்காங்க!”

இன்ஜின் உடனே நின்றது.

“நானும் தமிழ்தாம்மா, வீடு மௌலா அலி பக்கம்,” என்றார் படகோட்டி. “வெயில் கண்ணக் கூசுது. தலை தெரியவே இல்ல.”

படகிலிருந்த குடும்பம், அக்கா கடந்து போகும்வரை காத்திருந்து கைதட்டியது.

கரையேறியதும் அக்கா கேட்டார்: “கடைசியா வந்ததுக்குக் கைதட்டறாங்களே, கிண்டலா?”

“இல்லக்கா, பாராட்டுதான்.”

படகைப் பற்றிச் சொல்ல மனம் வரவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வார்.

அடுத்த போட்டியில் நீந்த நிறையப் பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். கரையில் நிற்க நான் ஒருத்திதான். நீச்சல் தெரிய வேண்டாம், எனக்கும் தெரியாது. யாராவது என்னோடு வந்து நிற்கிறீர்களா?