ராத்திரியில் ஏறிய டீசல் முள்

என் தம்பியின் விரல்களை என் வீட்டுக்காரர் டயர் கழற்றும் இரும்பு லிவரால் உடைத்தது, எங்கள் பழைய பிக்கப் வண்டியின் டீசல் மீட்டரை நம்பித்தான். மனுஷனை நம்ப மாட்டார், முள்ளை நம்புவார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அவர் குவைத்தில் டிரைவர். எங்கள் ஊர் பூதலூர் பக்கம். வண்டியைத் தம்பிதான் ஓட்டினான். காலையில் தஞ்சாவூர் மார்க்கெட்டுக்கு வாழைத்தார், அறுப்புக் காலத்தில் நீடாமங்கலம் வரைக்கும் நெல் மூட்டை. வீட்டுக்கு ஒருவர் வெளிநாடு கிளம்பி, நடவுக்கு ஆள் கிடைக்காமல் நாங்கள் அல்லாடிய காலம் அது. தம்பிக்கும் குவைத்திலேயே டிரைவர் விசாவுக்கு என் வீட்டுக்காரர் ஏற்பாடு செய்திருந்தார். அவன் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். அங்கே இவர் பாஸ்போர்ட்டை அரபி முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டு படுத்தும் பாட்டைப் போனில் சொல்லி அழாத மாதம் கிடையாது. ஊருக்கு வந்த இடத்தில் இவரும் அதையேதான் செய்தார்.

லீவில் வந்த கையோடு வேளாங்கண்ணிக்குப் போய் ஒரு மாதா சுரூபம் வாங்கி வந்து டேஷ்போர்டில் வைத்தார். சுற்றி எரிய நீல பல்பு மாலையைக் குவைத்திலிருந்தே கொண்டுவந்திருந்தார். ஹெட்லைட் போட்டால் மாதாவும் எரிய வேண்டுமாம். மீட்டர் பெட்டியைக் கழற்றி அவரே ஒயர் கொடுத்தார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள் என்றேன். மாதாவுக்குச் செய்வதைக் கூலிக்கு ஆள் வைத்தா செய்வார்கள் என்று சிலுவை போட்டுக்கொண்டு திருப்புளியை எடுத்தார்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. ராத்திரி ஓட்டினால், டீசல் முள்ளுக்குப் பக்கத்தில் இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் சிவப்புக்குப் போகிறது, நிறுத்தி ரேடியேட்டரைத் தொட்டால் சூடே இல்லை என்றான் தம்பி. இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டேங்கில் குச்சி விட்டு டீசல் பார்க்கிற எங்கள் வழக்கமும் இவருக்குக் கேலி. அப்புறம் மீட்டர் எதற்கு இருக்கிறது என்பார். ராத்திரி வண்டி வந்து நின்றதும் லைட்டை அணைப்பதற்குள் எட்டி மீட்டரைப் பார்ப்பார். காலையில் சாவி போட்டு மறுபடி பார்ப்பார். ராத்திரி முக்கால் டேங்க், காலையில் கால் டேங்க். எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் மனசுக்குள்ளேயே வைத்துப் புகைந்திருக்கிறார்.

ஒருநாள் காலையில் தம்பி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து வந்து ஃபேன் பெல்ட்டால் காதோடு சேர்த்து விளாசினார். டம்ளர் எகிறியது. கீழே விழுந்தவனை, எவனுக்கு டீசல் விற்கிறாய் என்று கேட்டுக் கேட்டு வயிற்றில் மிதித்தார். பதில் சொல்ல விட்டால்தானே. குறுக்கே விழுந்த என்னை முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். அதைப் பார்த்துத்தான் தம்பி எழுந்து அவர் கழுத்தைப் பிடித்தான். பிடித்த வலது கையை பானெட்டில் வைத்து அழுத்தி, வண்டியோரம் கிடந்த டயர் லிவரை ஓங்கி இறக்கினார் அந்தப் பாவி. முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது.

அதோடு விட்டாரா? உள்ளே போய் பாஸ்போர்ட்டை எடுத்துவந்து, வாசலில் எரிந்துகொண்டிருந்த வெந்நீர் அடுப்புக்கு மேலே நீட்டினார்.

"திருடுனேன்னு ஒத்துக்க. இல்லன்னா இது சாம்பல்தான்."

"ராத்திரியில மீட்டர் பொய் சொல்லுது மச்சான்" என்றான் தம்பி. வாயெல்லாம் ரத்தம்.

அந்தப் பேச்சில்தான் எனக்குப் பொறி தட்டியது. சூட்டு முள்ளும் ராத்திரியில்தானே ஏறுகிறது? ராத்திரி என்றால் லைட். கீழே கிடந்த லிவரை எடுத்து அவர் முழங்காலில் ஒரு போடு போட்டேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் வண்டிக்குள் ஏறிச் சாவியைத் திருகி லைட்டைப் போட்டேன். மாதா நீலமாக எரிந்தாள். இரண்டு முள்ளும் ஒன்றாகக் கிளம்பி மேலே போயின. அணைத்தேன், இரண்டும் இறங்கின. மீட்டரைப் பிடுங்கிப் பார்த்தால், அதன் எர்த் ஒயரை இவர் பெயிண்ட் மேலேயே வைத்துத் திருகியிருக்கிறார், இரண்டு இழையில் தொங்குகிறது. லைட் போட்டதும் கரண்ட் இறங்க வழியில்லாமல் முள்ளில் ஏறியிருக்கிறது. எர்த் விட்டுப்போனால் பம்புசெட் என்ன கூத்தடிக்கும் என்று வயல்காட்டுக்காரி எனக்குத் தெரியாதா? பெயிண்டைக் கத்தியால் சுரண்டி ஒயரை இறுக்கினேன். மறுபடி லைட்டைப் போட்டேன். டீசல் முள் கால் டேங்கிலேயே நின்றது. ராத்திரியிலும் டேங்கில் இருந்தது அவ்வளவுதான்.

வந்து பாருங்கள் என்றேன். நொண்டிக்கொண்டு வந்தார். தானே லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தார். வேலியோரம் அக்கம்பக்கத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். தெரியாமல் போச்சு என்று முனகி, மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டை பானெட்டில் வீசிவிட்டு வீட்டுக்குள் போகத் திரும்பினார். லிவர் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"மாதாகிட்ட அப்புறம் பேசிக்கலாம். அத எடுத்து அவன் கையில குடுங்க" என்றேன்.

எடுத்து நீட்டினார். தம்பி வலது கையை நீட்டினான். விரல் ஒன்றும் மடங்கவில்லை, பாஸ்போர்ட் நழுவி மண்ணில் விழுந்தது. இவரே குனிந்து எடுத்து, தூசியை ஊதி, அவன் சட்டைப் பையில் வைத்தார். அவன் முகத்தை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. டிரைவர் விசா மெடிக்கலில் முதலில் விரலைத்தான் மடக்கிக் காட்டச் சொல்வார்கள் என்று எங்களுக்குச் சொன்னவரே அவர்தான்.