கொள்ளுத் தாத்தாவின் வில்லை

அந்தமான் செல்லுலார் சிறையில் தியாகிகளின் பெயர்ப் பலகைகளை இரண்டு முறை வாசித்துவிட்டேன். சுதந்திரத்துக்காக இங்கே அடைபட்டார் என்று வீட்டில் சொல்லும் கொள்ளுத் தாத்தாவின் பெயர் எதிலும் இல்லை. எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். ஊரிலிருந்து அப்பா மூன்றாவது முறையாகக் கூப்பிடுகிறார். எடுக்கப் பயமாக இருக்கிறது.

பையில் இன்னொரு சாட்சி இருக்கிறது: கொள்ளுத் தாத்தா இந்தச் சிறையிலிருந்து கொண்டுவந்த பித்தளை வில்லை. ஆகஸ்ட் பதினைந்து தோறும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதைக் கொடிக்கம்பத்தடியில் வைப்போம், பிள்ளைகள் பூப்போடுவார்கள். கடைக்காரர் இங்கேயே பிறந்த தமிழ் பாய். அவரிடம் காட்டுகிறேன்.

திருப்பிப் பார்த்தவர் குரலைத் தாழ்த்துகிறார். "வேற யாருகிட்டயும் காட்டினீங்களாம்மா?"

"இல்லை பாய். ஏன்?"

"கைதியிலயே ஒருத்தனைப் பொறுக்கி, மத்தவங்களைச் செக்குல பூட்டி வேலை வாங்கச் சொல்லி வெள்ளைக்காரன் குடுத்தது இது. பெல்ட்டுல மாட்டிக்குவாங்க. எங்க உம்மா வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு. வெளிய எடுக்க மாட்டோம். இங்க கைதிங்க வழி வந்த பழைய குடும்பத்துல யாரும் யாரையும் இதைப் பத்திக் கேக்கவும் மாட்டோம்."

போன் மறுபடி அடிக்கிறது. அவர் வில்லையைப் பேப்பரில் சுற்றி என் பைக்குள் வைக்கிறார். "பேரு இல்லேன்னு மட்டும் சொல்லுங்கம்மா. போதும்."

போனை எடுத்து, பெயர் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

"பேரு கெடக்குது விடும்மா," என்கிறார் அப்பா. "வில்லை பத்திரமா இருக்குல்ல? இந்தத் தடவை பிள்ளைங்க ஆளுக்கொரு தடவை அதைச் சட்டையில மாட்டிப் பாக்கணுமாம்."